நியூட்டனுக்கு முன்னால் ஈர்ப்பு விதி எங்கே இருந்தது?

என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி, நேரில் கேட்க வெட்கப்பட்டோ என்னவோ, ஒரு கேள்வியைத் தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். “சார், 1687இல் நியூட்டன் எழுதுவதற்கு முன்னால் ஈர்ப்பு விதி இருந்ததா? இருந்தது என்றால் எங்கே இருந்தது? விதி என்பது மனிதன் எழுதிய வாக்கியம், எழுதாத வாக்கியம் எங்கேயும் கிடையாது என்று அண்ணன் சொல்கிறான். அப்படியானால் அதற்கு முன்னால் டுரியான் பழம் எப்படி விழுந்தது என்று கேட்டேன். விழுந்தது, ஆனால் விதிப்படி விழவில்லை என்கிறான். யார் சொல்வது சரி?”

வாயால் பதில் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடித்திருப்பேன். அவசரத்தில் உன் பக்கம் சாய்ந்து உன் அண்ணனை மட்டம் தட்டியும் இருப்பேன். அவன் அவ்வளவு எளிதாகத் தட்டிவிடக்கூடிய ஆள் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டுரியான் விழும் முறை நியூட்டனுக்கு முன்பும் இருந்தது. அந்த முறையைச் சொல்லும் விதி நியூட்டனோடு பிறந்தது. நீ முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாய், அவன் விதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். இப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம்தான். ஆனால் ‘முறை இருந்தது’ என்று நான் எந்தத் தைரியத்தில் சொல்கிறேன், அது எங்கே இருந்தது என்ற கேள்விக்கு என்ன பதில் என்பதெல்லாம் பாக்கி நிற்கிறது.

மரம் வெட்டுவதிலிருந்து, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதிலிருந்து, தொடங்குகிறேன். இயற்பியல் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தது அதுதான். நான் பிறந்தது மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். இன்று அங்கே லயமும் இல்லை, ரப்பரும் இல்லை, செம்பனை நிற்கிறது. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு ரப்பர் மர நிரைக்குப் போவேன். விடிவதற்கு முன்பே மரத்தடியில் நிற்க வேண்டும். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் அம்மா, முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போடுவார். பிறகு கத்தியை இடது மேல்முனையில் வைத்து வலது கீழ்முனைவரை இழுப்பார். தாள் கனத்தில் பட்டைச் சீவல் சுருண்டு காலடியில் விழும். கத்தி போன தடத்தில் முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைக்கும். புள்ளிகள் சேர்ந்து கோடாகும். கோடு நிறைந்து, மரத்தில் செருகிய பீலி வழியாக மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், சொட்டத் தொடங்கும்போது அம்மா மூன்றாவது மரத்தில் இருப்பார்.

கோடு எப்போதும் இடது மேலே, வலது கீழே. புதிதாக வந்த ஒரு பெண் ஒரு நாள் மாற்றிச் சாய்த்து வெட்டிவிட்டாள். அன்று கங்காணியின் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. ஏன் மாற்றி வெட்டக் கூடாது என்று அம்மாவைக் கேட்டேன். “அப்படி வெட்டினால்தான் பால் நன்றாக வரும்” என்றார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது. கங்காணிக்கும் தெரியாது, அவருக்கு அவருடைய கங்காணி சொன்னது அது.

காரணத்தை நான் தெரிந்துகொண்டது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, அதுவும் பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு தாவரவியல் நூலைப் புரட்டியபோது. பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடுவதில்லை. மேலே போகப் போக வலப்பக்கமாக ஏறக்குறைய 3, 4 பாகை சாய்ந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டும்போது அதே அளவு பட்டையில் கூடுதலான குழாய்கள் அறுபடுகின்றன. இருட்டோடு வெட்டுவதற்கும் காரணம் உண்டு. இரவில் இலைகள் வழியாக நீர் வெளியேறுவது குறைவதால் குழாய்களுக்குள் அழுத்தம் ஏறி நிற்கும். அது கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கும், பால் குறையும். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, விடியலில் மணி அடித்தது துரையின் கொடுமை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். கொடுமைகள் வேறு இருந்தன. இதில் பாதிப் பொறுப்பு மரத்துடையது.

இப்போது உன் கேள்விக்கு வா. குழாயின் சாய்வு ஒன்று. ‘இடது மேலே, வலது கீழே’ என்ற கைப்பழக்கம் ஒன்று. தாவரவியல் நூலில் உள்ள வாக்கியம் ஒன்று. மூன்றும் மூன்று வெவ்வேறு காலத்தில் பிறந்தவை. நம் ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், கோலாகங்சாரில், மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் மரம் வேலி போட்டு நிற்கிறதே, பார்த்திருப்பாய். 1877இல் அங்கே நட்ட 9 கன்றுகளில் மிஞ்சிய மரம். முந்தைய ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து கப்பலில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளின் வழியில் வந்தது. அந்தக் கப்பலில் இருந்த யாருக்கும் பால் குழாயின் சாய்வு தெரியாது. விதைக்குள் சாய்வும் சேர்ந்தே பயணம் செய்தது. கைப்பழக்கமும் வாக்கியமும் பிறகு வந்து சேர்ந்தன.

உன் அண்ணன் உடனே மடக்குவான்: குழாய் ஒரு பொருள், அது மரத்துக்குள் இருந்தது என்று சொல்லிவிடலாம், ஈர்ப்பு விதி பொருளா, அது எதற்குள் இருந்தது? நியாயமான மடக்கு. இதற்கு உன் பாட்டியை உதவிக்கு அழைக்கிறேன். உன்னை அழைத்துப் போக அவர் வரும்போது நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே “பாட்டி வந்துவிட்டார்” என்று சொல்கிறாய். வலது செருப்பு தரையில் தேய்வதும், மூன்றாவது எட்டில் ஒரு சிறு நிறுத்தமும் கேட்டே தெரிந்துகொள்கிறாய். அது அவருடைய நடை. அந்த நடை எங்கே இருக்கிறது? காலில் இருக்கிறது என்றால், அவர் உட்கார்ந்திருக்கும்போது காலைத் தொட்டுப் பார், கிடைக்காது. தரையிலும் கிடைக்காது. ஆனாலும் அப்படி ஒரு நடை இல்லவே இல்லை என்று நீ சொல்ல மாட்டாய். நடை என்பது பாட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பொருள் கிடையாது. பாட்டி நடக்கும் விதம். ‘எங்கே’ என்ற கேள்வி பொருள்களைப் பற்றிக் கேட்கும் கேள்வி. அதை ஒரு விதத்தைப் பற்றிக் கேட்டால் பதில் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்காக அந்த விதம் இல்லாமலும் போய்விடாது.

இன்னும் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றால், ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக்கொள். நாசி லெமாக் பொட்டலத்தில் வருவது போதும், அகலமானதாக இருந்தால் நல்லது. அதை மேல் உதட்டில் ஒட்டினாற்போல் வைத்து, சட்டென்று முழு நீளத்துக்கு இழு. உதட்டில் இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் பிடித்து, சூடு ஆறியதும் சட்டென்று தளர்த்தி மறுபடி உதட்டில் வை. சில்லென்று இருக்கும். அடுத்து, வளையத்தில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் வளையத்தின் மேல் சூடான காற்றை அடித்துப் பார். இரும்பாக இருந்தால் சூட்டில் நீளும், பூட்டு இறங்கும். இங்கே பூட்டு மேலே ஏறும். இழுத்துப் பிடித்த ரப்பர் சூடானால் சுருங்குகிறது.

இதை 1805இல் எழுதி வைத்தவர் ஜான் கோஃப், இங்கிலாந்தின் கெண்டல் ஊர்க்காரர். குழந்தையாக இருந்தபோதே பெரியம்மையில் பார்வையை இழந்தவர். உதட்டில் வைத்துப் பார்க்கும் யோசனை அவருடையதுதான். கண் இருந்தவர்களுக்கு அது தோன்றவில்லை. 1859இல் ஜூல் அதைத் துல்லியமாக அளந்து உறுதி செய்தார். ஏன் அப்படி நடக்கிறது என்பது அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. ரப்பர் மிக நீளமான சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது, தளர்ந்திருக்கும்போது அவை சிக்கிய நூல்போலக் குழம்பிக் கிடக்கின்றன, இழுத்தால் வரிசையாகின்றன, சூடு ஏறினால் மறுபடி குழம்பத் துடிக்கின்றன, அந்தத் துடிப்புதான் இழுவை என்ற விளக்கம் 1930களில்தான் உருவானது. அதற்குள் நம் தாத்தாக்கள் மலாயாவில் இரண்டு தலைமுறை ரப்பர் வெட்டி முடித்துவிட்டார்கள்.

மெக்சிகோவின் எல் மனாத்தி என்னும் இடத்தில் ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முந்தைய ரப்பர் பந்துகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நம் மரம் இல்லை, வேறு மரத்தின் பால். ஒரு கொடியின் சாற்றைக் கலந்து கெட்டியாக்கியிருக்கிறார்கள். அந்த ரப்பரை அன்று ஒரு சிறுவன் உதட்டில் வைத்து இழுத்திருந்தால் சுட்டிருக்குமா? சுட்டிருக்காது என்று உன் அண்ணனாலும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். ‘கோஃப் எழுதிய பிறகுதான் ரப்பர் சூடாகத் தொடங்கியது’ என்று அவன் சொல்லத் தயார் என்றால் எனக்கு வேறு வாதம் இல்லை, தோற்றுப்போகிறேன். தயார் இல்லை என்றால் அவனும் முறையை ஒப்புக்கொண்டுவிட்டான்.

சரி, இப்போது அவன் பக்கம் போய் உட்காருகிறேன். அவன் பக்கத்தில் பலமான சாட்சிகள் இருக்கின்றன.

பள்ளியில் நீ ஹூக்கின் விதி படித்தாய்: இழுக்கும் விசைக்கு நேர்விகிதத்தில் நீட்சி. 1676இல் அவர் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார், வேறு யாரும் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று. விடையை 1678இல் சொன்னார். சுருள்வில்லுக்கு வரைபடம் போட்டால் அழகான நேர்கோடு வரும். ரப்பர் வளையத்துக்குப் போட்டுப் பார். கோடு வளைந்து வளைந்து போகும்; எடையை ஒவ்வொன்றாகக் குறைத்தால் வந்த வழியே திரும்பியும் போகாது. அதை அளவுகோல் வைத்து நேர்கோடாக்கிக் கொண்டுவந்த மாணவர்களை எனக்குத் தெரியும்; மதிப்பெண்ணுக்குப் பயந்த பிள்ளைகள். ஆக, ‘ஹூக்கின் விதி உலகம் தோன்றியதிலிருந்தே இருந்தது’ என்றால், ரப்பருக்குள் மட்டும் இல்லாமல் போனதா? சுருள்வில்லுக்கே அளவுக்கு மீறி இழுத்தால் விதி செத்துவிடுகிறதே.

அடுத்தது இன்னும் வேடிக்கை. சூரியனிலிருந்து கோள்களின் தூரம் ஒரு எளிய எண் வரிசையில் அமைகிறது என்று 1766இல் டீட்டியஸ் சொன்னார். 1772இல் போடே அதைப் பரப்பினார். 1781இல் யுரேனஸ் கிடைத்தது, கணக்கோடு பொருந்தியது. 1801இல் சீரீஸ் என்ற குறுங்கோள் கிடைத்தது, காலியாக இருந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. எல்லாரும் அதை விதி என்றே அழைத்தார்கள். 1846இல் நெப்டியூன் கிடைத்தது. விதிப்படி அது பூமியின் தூரத்தைப்போல் 38.8 மடங்கில் இருக்க வேண்டும், இருந்ததோ 30.1 மடங்கில். அந்த ‘விதி’ கண்டுபிடிக்கப்பட்டது, பெயர் வைக்கப்பட்டது, எண்பது ஆண்டு வாழ்ந்தது. ஆனால் வானத்தில் அது ஒரு நாளும் இருந்ததில்லை. விதி என்பது மனிதன் எழுதும் வாக்கியம் என்று உன் அண்ணன் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நியூட்டனுடைய விதிக்கே வருவோம். புதன் கோளின் பாதை மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே போகிறது. மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் நூறு ஆண்டுக்கு 43 விகலை மிச்சம் நிற்கிறது. ஒரு பாகையை 3,600 பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு விகலை. எத்தனை சின்ன மிச்சம் என்று பார்த்துக்கொள். நியூட்டனின் கணக்கை எப்படிப் போட்டாலும் அது வரவில்லை. 1859இல் லெவெரியே அதைக் கவனித்தார். நெப்டியூனைத் தாளில் கணக்குப் போட்டே கண்டுபிடித்த அதே மனிதர். சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தார்கள். பல ஆண்டுகள் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கை அந்த 43 விகலையை அப்படியே கொடுத்தது. ஆகவே, ‘1687க்கு முன்னால் ஈர்ப்பு விதி இருந்தது’ என்றால் எந்த விதி? நியூட்டன் எழுதியதா? அது கிட்டத்தட்டச் சரி, முழுச் சரி இல்லை. ஐன்ஸ்டைன் எழுதியதா? அதுவும் அணுவுக்குள் நடக்கும் கதையோடு இன்னும் ஒத்துப்போகவில்லை. டுரியான் இதில் எதையும் படித்துவிட்டு விழவில்லை.

ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் 1927இல் ஏறக்குறைய உன் அண்ணனின் வாதத்தையே வைத்தார். நியூட்டனுக்கு முன் அவருடைய விதிகள் உண்மையாகவும் இல்லை, பொய்யாகவும் இல்லை என்பது அவர் கருத்து. இதை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் அவர் கூடவே சேர்த்துச் சொன்னதை விட்டுவிடுகிறார்கள்: அந்த விதிகள் சுட்டிக்காட்டும் பொருள்கள் அதற்கு முன் இல்லை என்பது இதன் பொருளாகாது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். உண்மை, பொய் என்பவை சொல்லப்பட்டதைப் பற்றிய பேச்சு. யாரும் எதுவும் சொல்லாத இடத்தில் அந்தப் பேச்சுக்கு வேலை இல்லை. இதில் அவர் சொல்வது சரி என்றே நினைக்கிறேன், மற்றபடி அவருடைய எழுத்து என் பொறுமையை மிகவும் சோதிக்கிறது.

இதுவரை எல்லாம் யோசனைதான். ‘மனிதன் இல்லாத காலத்தில் முறை அப்படியே இருந்தது’ என்பதற்குக் கையில் ஆதாரம் உண்டா என்று கேட்டால், உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ஆப்பிரிக்காவில், கபோன் நாட்டில், ஓக்லோ என்ற இடத்தில் கிடக்கிறது.

இயற்கை யுரேனியத்தில் இரண்டு வகை முக்கியம். 238 என்ற வகைதான் பெரும்பகுதி. அணு உலையில் எரிவது 235 என்ற வகை. அது எங்கே தோண்டி எடுத்தாலும் 0.720 சதவீதம். பூமியிலும் சரி, நிலவிலிருந்து கொண்டுவந்த கல்லிலும் சரி, அதே எண். 1972இல் பிரான்சில் ஓர் ஆலையில் வழக்கமான சோதனையின்போது ஓக்லோவிலிருந்து வந்த தாதுவில் 0.717 என்று காட்டியது. லட்சத்தில் மூன்று என்ற இந்தக் கடுகளவு வித்தியாசத்தை வேறு யாராவது இருந்தால் கருவியின் கோளாறு என்று தள்ளியிருப்பார்கள். அணுகுண்டு செய்யப்படும் பொருள் ஆயிற்றே, ஒரு கிராம் குறைந்தாலும் கணக்குக் கேட்பார்கள். அதனால் தோண்டித் துருவினார்கள். சில பகுதிகளில் 235 இன்னும் மிகக் குறைவாக இருந்தது. அணுப் பிளவு நடந்தால் மட்டுமே மிஞ்சக்கூடிய தனிமங்கள், அணு உலைச் சாம்பலில் கிடைக்கும் அதே விகிதத்தில், பாறைக்குள் கிடந்தன. ஏறத்தாழ 170 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாறையே ஓர் அணு உலையாக எரிந்திருக்கிறது.

அது எப்படிச் சாத்தியமானது என்றால், 235 வகை 238ஐவிட வேகமாகச் சிதைகிறது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அந்தக் காலத்தில் அது 3 சதவீதம் இருந்திருக்கும். இன்று பல அணு மின் நிலையங்கள் செறிவூட்டிப் பயன்படுத்தும் அளவு அதுதான். பாறை இடுக்கில் நிலத்தடி நீர் புகுந்தபோது அது நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்தது, எரிப்பு தொடங்கியது. சூட்டில் நீர் ஆவியாகிப் போனதும் எரிப்பு நின்றது. ஆறியதும் நீர் மறுபடி வந்தது. அரை மணி நேரம் எரிவதும் இரண்டரை மணி நேரம் ஓய்வதுமாக இப்படிப் பல லட்சம் ஆண்டுகள் ஓடியிருக்கிறது என்று, பாறையில் சிக்கியிருந்த செனான் வாயுவை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதர்கள் அணுப் பிளவைக் கண்டுபிடித்தது 1938இல். முதல் உலையை ஃபெர்மி சிகாகோவில் ஓடவிட்டது 1942இல். ஓக்லோவில் அது எரிந்தபோது மனிதன் என்ன, மீனே இல்லை, புல்லே இல்லை.

இதில் சுவையான செய்தி, இயற்கையாகவே இப்படி ஓர் உலை இருந்திருக்கலாம் என்று பால் குரோடா என்ற வேதியியலாளர் 1956இலேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். பதினாறு ஆண்டு கழித்து ஆதாரம் வந்தது.

உன் அண்ணன் கெட்டிக்காரன். இங்கே ஒரு ஓட்டையைக் காட்டுவான். “சார், அன்றும் விதி இதேதான் என்று எடுத்துக்கொண்டுதானே பின்னோக்கிக் கணக்குப் போடுகிறீர்கள்? எடுத்துக்கொண்டதையே நிரூபித்ததாகச் சொல்கிறீர்களே?” என்பான். எடுத்துக்கொண்டுதான் தொடங்கினார்கள், உண்மை. ஆனால் எடுத்துக்கொண்டது தவறாக இருந்தால் கணக்கு உதைத்திருக்கும். சமாரியம் 149 என்ற ஓர் அணு உண்டு. அது நியூட்ரானை விழுங்கும் பசி, அணுக்கருவின் விசைகள் இம்மி மாறினாலும் பெருமளவு மாறிவிடும். ஓக்லோ பாறையில் அது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, அன்றைய பசியும் இன்றைய பசியும் ஒன்றுதான் என்று 1976இல் சோவியத் இயற்பியலாளர் ஷ்லியாக்தர் காட்டினார். வேறு மாதிரி வந்திருக்கலாம், வரவில்லை. வானத்தைப் பார்த்தாலும் இதே கதை. ஆண்ட்ரோமீடா விண்மீன் கூட்டத்திலிருந்து 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியில், ஹைட்ரஜனின் கோடுகள் நம் ஆய்வுக்கூடத்துக் குழாயில் வரும் அதே இடைவெளி வரிசையில் இருக்கின்றன. அந்த ஒளி கிளம்பியபோது நம் இனமே பிறக்கவில்லை.

ஆகவே முறை இருந்தது. ஆனால் எந்த அர்த்தத்தில் இருந்தது என்பதில் பெரிய ஆட்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ஹியூம் பதினெட்டாம் நூற்றாண்டில் கேட்டார்: ஒன்றன்பின் ஒன்று நடப்பதைத்தான் பார்க்கிறாய், ஒன்று மற்றொன்றைக் கட்டாயப்படுத்துவதை எப்போதாவது பார்த்தாயா? பார்க்கவில்லைதான். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விதி என்பது, உலகத்தில் நடக்கும் அத்தனையையும் மிகக் குறைந்த சொற்களில் சுருக்கிச் சொல்லும் பட்டியல். அதற்குமேல் ஒன்றும் இல்லை. மற்றப் பக்கத்துக்காரர்கள், நடப்பதற்குப் பின்னால் ‘இப்படித்தான் நடந்தாக வேண்டும்’ என்ற ஒரு கட்டாயம் உண்மையிலேயே இருக்கிறது என்கிறார்கள். என்னைக் கேட்டால், வகுப்பில் ஹியூம் பக்கம், வீட்டில் மற்றப் பக்கம். கரும்பலகை முன்னால் நின்றுகொண்டு கட்டாயத்தை எனக்குக் காட்டத் தெரியாது. ஆனால் பூட்டு மேலே ஏறுவதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், இது தற்செயலாக ஒத்துப்போன பட்டியல் என்று நம்ப மனம் வரவில்லை.

குழப்பத்தில் பாதிக்குச் சொல்லே காரணம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் நாடாளுமன்றம் போடும் சட்டத்துக்கும் இயற்கையின் ஒழுங்குக்கும் ஒரே சொல். தமிழில் நாம் பிடித்துக்கொண்டதும் அதைவிட நல்ல சொல் இல்லை. விதி என்றால் விதித்தவன் ஒருவன் வேண்டும். போதாததற்குத் தலைவிதியும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. எழுதியவன் யார், எங்கே எழுதி வைத்தான் என்று மனம் தானாகத் தேடப் போய்விடுகிறது. உன் ‘எங்கே’ அப்படிப் பிறந்ததுதான். ‘யாதும் ஊரே’ என்று தொடங்கும் புறநானூற்றுப் பாட்டில், ஆற்று நீரில் போகும் தெப்பம்போல உயிர் ‘முறைவழிப் படூஉம்’ என்று வருகிறது. ஊழைப் பற்றிய பேச்சு அது, இயற்பியல் கிடையாது. ஆனாலும் ‘முறை’ என்ற சொல் எனக்கு வேண்டியதைச் செய்கிறது. அதற்கு உத்தரவு போட்டவன் தேவைப்படவில்லை. தொடர்ந்து அதைத் ‘திறவோர் காட்சியின் தெளிந்தனம்’ என்கிறார் புலவர். முறை இருந்தது, காண வல்லவர்கள் கண்டார்கள், அதிலிருந்து நாம் தெளிந்தோம்.

இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்று உன் தமிழ் ஆசிரியர் சொல்லியிருப்பார். தொல்காப்பியர் எழுதுவதற்கு முன்னாலும் மக்கள் தமிழ் பேசினார்கள், வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிக வைத்துத்தான் பேசினார்கள். சூத்திரம் பிறகு வந்தது. இந்த உவமை ஒரு தூரம் வரை நன்றாகப் போகும், பிறகு காலை வாரிவிடும். மொழியின் முறை பேசுகிறவர்களோடு மாறும். நம் ஊர்த் தமிழில் மங்கும் பெரட்டும் வந்து உட்கார்ந்தது போல, பழையது கழியும், புதியது புகும். பேசுகிறவர்கள் எல்லாரும் போய்விட்டால் முறையும் போய்விடும். டுரியான் விழும் முறைக்கு நாம் யாரும் தேவைப்படவில்லை. நம்மால் மாற்ற முடிவது நம் சூத்திரத்தை மட்டும்தான். நியூட்டனுடையதை ஐன்ஸ்டைன் மாற்றினார், அவருடையதை ஒருவேளை உன் வயதுக்காரர் யாராவது மாற்றுவார்.

எஸ்.பி.எம். தேர்வில் இதையெல்லாம் எழுதி வைக்காதே. அங்கே ஹூக்கின் விதியைச் சொல் என்றால், மீள்திறன் எல்லைக்குள் என்ற சொற்றொடரை மறக்காமல் போட்டு ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போ. அந்தச் சொற்றொடரில்தான் உன் அண்ணனின் மொத்த வாதமும் அடங்கியிருக்கிறது என்பது உங்கள் இருவருக்கும் தெரிந்தால் போதும்.

சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள், விடிவதற்கு முன்னால், ஆறு மணிக்கே. என் வீட்டுக்குப் பின்னால் பழைய தோட்டத்து மிச்சமாக மூன்று ரப்பர் மரம் நிற்கிறது. அம்மாவின் கத்தி என்னிடம் இருக்கிறது, தீட்டி வைக்கிறேன். ஒரே மரத்தில் ஒரு பக்கம் இடது மேலிருந்து வெட்டுவோம், எதிர்ப்பக்கம் மாற்றிச் சாய்த்து வெட்டுவோம். இரண்டு மங்கு வைத்து, எட்டு மணிக்கு எடுத்து நிறுப்போம். வித்தியாசம் சின்னதாகத்தான் இருக்கும், ஒரே மரத்தை வைத்துச் சத்தியம் செய்யவும் முடியாது. அதனால் மூன்று மரத்திலும் வெட்டுவோம். பாட்டியையும் அழைத்து வா. பத்து வயதிலிருந்து வெட்டியவர், அவர் கை இன்னும் நிற்கும். எனக்கு நடுங்குகிறது, பட்டையைத் தாண்டிக் கட்டையில் கத்தி பட்டுவிட்டால் மரம் புண்ணாகிவிடும்.